பிக்சல் 8ஏ, ஒன்பிளஸ் 12ஆர்: எதை எடுப்பது?

கேள்வி, 2 ஜூன் 2024

ஐந்து வருடமாக வைத்திருக்கும் போனை மாற்ற வேண்டும். கையில் ஐம்பதாயிரம் சொச்சம் இருக்கிறது. ஒன்பிளஸ் 12ஆர் 39,999க்கே கிடைக்கிறது; சிப், திரை, பேட்டரி, சார்ஜர் என்று எதைப் பார்த்தாலும் அதன் கைதான் ஓங்கி இருக்கிறது. பிக்சல் 8ஏ வாங்க 52,999 கொடுப்பவர்கள் கூகுள் என்ற பெயருக்குத்தான் கொடுக்கிறார்கள் என்று நினைக்கிறேன். இல்லை என்பவர்கள் காரணம் சொல்லுங்கள்.

2 ஜூன் 2024, இரவு

இல்லை என்கிறேன். நானும் இதே இரண்டுக்கு நடுவில்தான் ஒரு மாதமாக நிற்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

12ஆர் ஜனவரியில் ஆண்ட்ராய்டு 14 உடன் வந்தது. ஒன்பிளஸ் வாக்குக் கொடுத்திருப்பது மூன்று பெரிய ஆண்ட்ராய்டு பதிப்புகளும் நான்கு வருடப் பாதுகாப்பு அப்டேட்டும். அப்படியென்றால் ஆண்ட்ராய்டு 17 வரை, 2028 தொடக்கம் வரை. 8ஏ மே மாதம் வந்தது; பதிப்பும் பாதுகாப்பும் சேர்த்து ஏழு வருடம், 2031 மே வரை. இப்போது 39,999ஐ நான்கால் வகுத்துப் பாருங்கள், வருடத்துக்குப் பத்தாயிரம். 52,999ஐ ஏழால் வகுத்தால் 7,571. விலைப் பட்டியலில் பதின்மூன்றாயிரம் அதிகமாகத் தெரிவது வருடக் கணக்கில் குறைவாகிவிடுகிறது.

ஏழு வருடம் ஒரே போனை யார் வைத்திருப்பார்கள் என்று உடனே கேட்பீர்கள். நானும் வைத்திருக்க மாட்டேன். ஆனால் எங்கள் வீட்டில் போன் கை மாறும். நான் மூன்று வருடம் வைத்திருப்பேன், பிறகு அது அம்மாவுக்குப் போகும். அவர் கையில் இருக்கும் போனில்தான் அப்பாவின் குடும்ப ஓய்வூதியம் வரும் வங்கியின் ஆப் இருக்கிறது, காஸ் பதிவு இருக்கிறது, ஊரில் யார் யாரோ அனுப்பும் லிங்க் எல்லாம் வந்து விழும் வாட்ஸ்அப் இருக்கிறது. வீட்டிலேயே அதிகப் பாதுகாப்பு தேவைப்படும் போன் அதுதான். அதை அப்டேட் நின்றுபோன நிலையில் அவரிடம் கொடுத்துவிட்டு என்னால் நிம்மதியாக இருக்க முடியாது. இப்போது அவரிடம் இருப்பது நான் 2019இல் வாங்கியது. ஆண்ட்ராய்டு 11க்கு மேல் போகவில்லை, நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம்.

3 ஜூன் 2024

சிப் பற்றி. இதில் நீங்கள் சொல்வதுதான் சரி. 12ஆரில் இருக்கும் ஸ்னாப்டிராகன் 8 ஜென் 2 தைவானின் டிஎஸ்எம்சி ஆலையில் 4 நானோமீட்டரில் செய்தது. 8ஏவின் டென்சர் ஜி3 சாம்சங் ஆலையில் செய்தது, மோடமும் சாம்சங்கின் எக்சினோஸ்தான். வேகச் சோதனை எதை எடுத்தாலும் ஸ்னாப்டிராகன் நன்றாகவே முந்துகிறது, வரைகலையில் வித்தியாசம் இன்னும் அதிகம். தொடர்ந்து பாரம் ஏற்றினால் டென்சர் சீக்கிரம் சூடாகி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பதும் எல்லோரும் அறிந்ததுதான். பிஜிஎம்ஐ, ஜென்ஷின் மாதிரி மணிக்கணக்கில் விளையாடுபவர் என்றால் இதற்கு மேல் படிக்கவே வேண்டாம், 12ஆர் எடுங்கள்.

நான் விளையாடுவதில்லை. வாட்ஸ்அப், வரைபடம், கேமரா, யூபிஐ, ராத்திரி கொஞ்சம் யூடியூப். இந்த வேலைகளுக்கு இரண்டையும் கையில் வைத்துப் பார்த்தேன், வித்தியாசம் சொல்லத் தெரியவில்லை.

3 ஜூன் 2024, சற்றுப் பிறகு

சார்ஜரை விட்டுவிட்டேன். 12ஆர் பெட்டியிலேயே 100 வாட் சார்ஜர் இருக்கிறது, 5,500 எம்ஏஎச் பேட்டரியை 26 நிமிடத்தில் நிரப்பும் என்கிறார்கள். 8ஏவில் 4,492 எம்ஏஎச், 18 வாட், நிரம்ப ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். பெட்டியில் சார்ஜர் கிடையாது, கேபிள் மட்டும். இரவில் சொருகிவிட்டுத் தூங்குகிறவனுக்கு இது பொருட்டில்லை. நாள் முழுக்க ஊர் சுற்றுகிறவருக்கு இதுதான் எல்லாமே. என் மச்சான் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி, மதுரையில் கிளம்பி ராமநாதபுரம், பரமக்குடி என்று பைக்கில் போகிறவர். டீ குடிக்க நிற்கும் நேரத்தில் பாதி சார்ஜ் ஏற வேண்டும் அவருக்கு. அவரிடம் ஏழு வருடக் கணக்கைச் சொன்னேன், “மாப்ளே, எனக்கு சாயங்காலம் ஏழு மணி வரைக்கும் தாங்கினா போதும்” என்றார். அவருக்கு அது சரியான பதில்.

9 ஜூன் 2024

நேற்று அக்கா பேத்திக்கு குலதெய்வம் கோயிலில் காதுகுத்து. சித்தப்பா மகனிடம் 12ஆர் இருக்கிறது, கூட வேலை பார்க்கும் நண்பரின் 8ஏவை இரண்டு நாளைக்குக் கேட்டு வாங்கியிருந்தேன். இரண்டையும் வைத்து ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் படம் எடுத்துப் பார்த்தேன். விமர்சனக் காணொளிகளில் எல்லாம் யாரோ வெள்ளைக்காரர் ஏதோ பூங்காவில் நிற்கிறார். எனக்குத் தெரிய வேண்டியது வேறு. மே, ஜூன் வெயிலில், வேப்ப மரத்து நிழலில், கறுத்த முகத்தோடு, பளபளக்கும் பட்டுப்புடவையில் நிற்கும் ஒருவரை எப்படி எடுக்கும்?

எண்களைப் பார்த்தால், 12ஆரின் முதன்மைக் கேமரா 50 மெகாபிக்சல் சோனி சென்சார், அகலக் கேமரா 8 மெகாபிக்சல், 2 மெகாபிக்சலில் ஒரு மேக்ரோ. 8ஏவில் 64ம் 13ம். சென்சார் அளவில் 12ஆருடையது பெரியது. ஆனாலும் எனக்குப் பிடித்தது 8ஏ படங்கள்.

அம்மா நல்ல கறுப்பு. என் சின்ன வயதிலிருந்து கல்யாண வீட்டு ஸ்டுடியோக்காரர்கள் எல்லோரும் ஆல்பத்தில் அவரை ரோஸ் நிறமாக்கித்தான் கொடுத்திருக்கிறார்கள். 8ஏ படத்தில் அம்மா அம்மாவாகவே இருந்தார். கன்னத்தில் வியர்வை, மூக்குத்தி ஒளி, நெற்றியில் திருநீறு பட்ட இடத்தில் தோலின் நிறம், எல்லாம் நேரில் பார்த்த மாதிரி. கூகுள் 2021இல் பிக்சல் 6 வந்தபோது ரியல் டோன் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. பல நிறத் தோல்களை வைத்துக் கேமராவைப் பழக்குவது அதன் வேலை. அமெரிக்காவில் கறுப்பின மக்களை மனதில் வைத்துப் பேசப்பட்ட விஷயம், ஆனால் நம் ஊருக்கு அது அவர்களைவிடக் குறைவாகத் தேவைப்படும் என்று எனக்குத் தோன்றவில்லை.

12ஆர் படம் இன்னும் பளிச்சென்று, வண்ணம் தூக்கலாக இருந்தது. அக்காவுக்கு அதுதான் பிடித்தது, குடும்ப குழுவில் அவர் போட்டது எல்லாம் அந்தப் படங்கள்தான். ரசனை அது, சண்டை போட முடியாது. ஓடிக்கொண்டே இருக்கும் பிள்ளைகளை எடுத்ததில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்.

11 ஜூன் 2024

சேமிப்பு பற்றி ஒருவர் கேட்டிருந்தார். 8ஏவின் இரண்டு வகையும், 12ஆரின் இரண்டு வகையும் யூஎஃப்எஸ் 3.1தான் (யூஎஃப்எஸ் என்பது போனின் உள் சேமிப்பு வகை; எண் கூடினால் வேகம் கூடும்). 12ஆர் 256 ஜிபி வகையை முதலில் யூஎஃப்எஸ் 4.0 என்று அறிவித்தார்கள், பிப்ரவரியில் அது 3.1தான் என்று ஒப்புக்கொண்டு, வேண்டாம் என்பவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தருவதாகவும் சொன்னார்கள். இப்போது வாங்குகிறவர்கள் பழைய விளம்பரப் படத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன். வேகத்தில் அன்றாடம் உணர முடிகிற வித்தியாசம் இல்லை.

மெமரி கார்டு இரண்டிலும் கிடையாது. வீடியோ நிறைய எடுப்பவர்கள் 128 ஜிபி பக்கமே போகாதீர்கள்.

16 ஜூன் 2024

அளவு. 8ஏ 6.1 அங்குலம், 188 கிராம். 12ஆர் 6.78 அங்குலம், 207 கிராம். கடையில் நின்று பார்க்கும்போது பெரிய திரைதான் கண்ணைப் பறிக்கும். பேருந்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் டிக்கெட்டுக்கு யூபிஐ போடும்போது சின்னது எவ்வளவு நல்லது என்று தெரியும். நண்பரின் 8ஏவைத் திருப்பிக் கொடுத்த பிறகு என் பழைய போனே கையில் கனக்கிறது.

ஆனால் இங்கே எனக்கே ஒரு இடறல் வருகிறது. அம்மாவுக்குக் கொடுக்கப் போவதாகச் சொன்னேன் அல்லவா, அவர் எழுத்தளவை உச்சத்தில் வைத்துத்தான் படிப்பார். 6.1 அங்குலத்தில் எழுத்தைப் பெரிதாக்கினால் வாட்ஸ்அப்பில் ஒரே நேரத்தில் நாலு வரி தெரியும், வங்கி ஆப்பில் பொத்தான் திரைக்குக் கீழே போய்விடும். இதை நண்பரின் போனில் வைத்துப் பார்த்தேன். எழுத்தை மட்டும் இரண்டு படி ஏற்றி, ‘காட்சி அளவை’ நடுவிலேயே விட்டால் சமாளிக்கலாம். அம்மாவிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன், கண்ணாடி போட்டுக்கொண்டு தினத்தந்தி செய்தி ஒன்றை முழுதாகப் படித்தார். அவருக்கு மொத்தத்தில் எது சௌகரியம் என்று கேட்டதற்குப் பெரிய போன் கையிலிருந்து நழுவுகிறது, இதுவே போதும் என்றார். திரை அளவு விஷயத்தில் கண்ணை மட்டும் யோசித்தேன், அவர் விரலையும் யோசிக்கிறார்.

6 ஜூலை 2024

ஜியோ, ஏர்டெல், வி மூன்றும் இந்த வாரம் கட்டணத்தை ஏற்றியதிலிருந்து எல்லோரும் பிஎஸ்என்எல் பற்றித்தான் பேசுகிறார்கள். நானும் இரண்டாவது எண்ணை பிஎஸ்என்எல்லுக்கு மாற்ற விண்ணப்பித்துவிட்டேன். அதனால் இந்த இழையில் இதுவரை யாரும் தொடாத விஷயம் ஒன்று இப்போது பெரிதாகிவிட்டது.

8ஏவில் சிம் போடும் இடம் ஒன்றுதான். இரண்டாவது எண் இ-சிம்மாகத்தான், அதாவது அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதிவாகும் சிம்மாகத்தான், இருக்க வேண்டும். 12ஆரில் இரண்டு சிம்மையும் அப்படியே சொருகலாம். பிஎஸ்என்எல்லில் எங்கள் பக்கம் இ-சிம் இல்லை. ஆகவே பிஎஸ்என்எல் அட்டையை உள்ளே போட்டு, ஏர்டெல் எண்ணை இ-சிம்மாக்க வேண்டும். முடியும், சிரமமில்லை. ஆனால் இரண்டு விஷயம் தெரிந்து செய்யுங்கள்.

முதலாவது, சிம் மாற்றினால் 24 மணி நேரம் அந்த எண்ணுக்கு எஸ்எம்எஸ் வராது. எண்ணைத் திருடிப் பணம் எடுப்பதைத் தடுக்க வைத்த விதி, நல்ல விதிதான். ஆனால் அந்த ஒரு நாள் வங்கி ஓடிபி எதுவும் வராது என்பதை முன்பே தெரிந்துகொண்டு, கடன் தவணை கட்டும் நாள், ரயில் முன்பதிவு திறக்கும் நாள் இவற்றில் மாற்றாமல் இருங்கள்.

இரண்டாவதுதான் என்னை நிஜமாகவே யோசிக்க வைத்தது. போன் கீழே விழுந்து திரை போய்விட்டால், சாதா சிம்மைக் கழற்றி வீட்டில் கிடக்கும் பழைய போனில் போட்டு ஐந்து நிமிடத்தில் பேசிவிடலாம். இ-சிம்மில் அது நடக்காது. இ-சிம் வசதி உள்ள இன்னொரு போன் வேண்டும், புதிதாக கியூஆர் வாங்க வேண்டும், அதைக் கேட்க அந்த எண்ணிலிருந்தே செய்தி அனுப்ப வேண்டியிருக்கும், இல்லையென்றால் கடைக்கு நடக்க வேண்டும். மச்சானுக்கு இதைச் சொன்னதும் 8ஏ பேச்சே வேண்டாம் என்றுவிட்டார். டாக்டர்கள் அழைக்கும் எண் அரை நாள் செத்துக் கிடந்தால் அவர் வேலை என்னாவது.

நான் கண்டுபிடித்த வழி: வங்கியோடும் ஆதாரோடும் இணைத்த எண் எதுவோ அது சாதா சிம்மில் இருக்க வேண்டும். டேட்டாவுக்கு வைத்திருக்கும் எண் இ-சிம் ஆகட்டும். அம்மாவுக்கு எண் ஒன்றுதான், அவருக்கு இந்தப் பிரச்சினையே இல்லை.

7 ஜூலை 2024

நேற்றைய பதிவுக்கு ஒரு சேர்க்கை. இ-சிம்மில் ஒரு நன்மையும் இருக்கிறது, போன் திருடு போனால் திருடன் சிம்மைக் கழற்றி எறிய முடியாது. அணைக்காத வரை தேடிப் பிடிக்க வாய்ப்பு கொஞ்சம் கூடும்.

21 ஜூலை 2024

பழுது பார்ப்பது பற்றி எழுத நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன், ஏனென்றால் இதில் இரண்டு பக்கமும் எனக்குத் திருப்தி இல்லை.

ஏப்ரலில் தென்னிந்தியச் சில்லறை விற்பனையாளர்களின் சங்கம், மே 1 முதல் ஒன்பிளஸ் பொருட்களை விற்க மாட்டோம் என்று கடிதம் எழுதியது நினைவிருக்கும். லாப விகிதம் குறைவு, வாரண்டி கோரிக்கைகள் இழுத்தடிக்கின்றன என்பது அவர்கள் சொன்ன காரணம். தமிழ்நாட்டுக் கடைகளும் அதில் சேர்த்தி. அதைப் படித்ததும் மச்சானுக்குப் பயம் வந்தது. ஆனால் ஒன்பிளஸ் நம் ஊரில் பல வருடமாக விற்கிறது; ரிச்சி தெருவில் கேட்டால் உதிரிபாகம் இருக்கிறது, மதுரையில் உறை, கண்ணாடி எல்லாம் தள்ளுவண்டியில்கூடக் கிடைக்கிறது. பிக்சலுக்கு அப்படியில்லை. 8ஏவுக்குத் திரைக் கண்ணாடி கேட்டு டவுன்ஹால் ரோட்டில் ஏறி இறங்கினேன், “ஆன்லைன்ல போடுங்க சார்” என்றார்கள். விற்பனையே பெரும்பாலும் ஃபிளிப்கார்ட் வழியாகத்தான்.

சொந்த அனுபவம் ஒன்று. முன்பு என் பழைய போனுக்கு ஒரு கடையில் திரை மாற்றினேன். ஒரிஜினல் என்று சொல்லிப் பணம் வாங்கினார்கள், ஒரு மாதத்தில் வலது ஓரம் தொடுதலுக்கு வேலை செய்யாமல் போனது. கடைப் பெயர் வேண்டாம். அன்றிலிருந்து எனக்கு ஒரு கேள்விதான் முக்கியமாகிவிட்டது: இந்தப் போனின் பேட்டரியையும் திரையையும் கம்பெனிப் பொருளாக, ரசீதோடு, என் ஊரிலிருந்து ஒரு நாளில் போய்த் திரும்பும் தூரத்தில் மாற்ற முடியுமா? வாங்குவதற்கு முன் இரண்டு கம்பெனியின் வலைத்தளத்திலும் உங்கள் பின்கோடைப் போட்டுப் பாருங்கள், போனில் அழைத்துப் பேட்டரி இருப்பில் உள்ளதா, விலை என்ன என்று கேளுங்கள். தளத்தில் முகவரி இருப்பதும் அங்கே பொருள் இருப்பதும் ஒன்றில்லை.

17 ஆகஸ்ட் 2024

பிக்சல் 9 வந்துவிட்டது, இந்தியாவில் 79,999. என் கணக்கில் அது இல்லை. ஆனால் கூடவே வந்த செய்தி முக்கியம்: இனி குரோமா, ரிலையன்ஸ் டிஜிட்டல் கடைகளிலும் பிக்சல் கிடைக்கும், டெல்லி, பெங்களூரு, மும்பையில் கூகுளே நேரடியாகச் சேவை மையம் திறக்கிறது. சென்னை பட்டியலில் இல்லை. வருத்தம்தான். ஆனாலும் கடையில் வைத்து விற்க ஆரம்பித்தால் உறையும் கண்ணாடியும் தானாக வரும்.

28 செப்டம்பர் 2024

ஃபிளிப்கார்ட் விற்பனை தொடங்கியதும் முடிவு எடுத்தாயிற்று. நான் 8ஏ, மச்சான் 12ஆர். இரண்டும் பட்டியல் விலையைவிடக் கணிசமாகக் கீழே கிடைத்தன.

இதில் கடைசி நேரத்தில் ஒரு குழப்பம் வந்தது, வேறு பலருக்கும் வந்திருக்கும். போன வருடம் 75,999க்கு வந்த பிக்சல் 8இன் விலை இறங்கி 8ஏ பக்கத்தில் வந்து நின்றது. சிப் அதேதான், நினைவகம் அதேதான். கேமரா சென்சார் பெரியது, கண்ணாடி உறுதியானது, சார்ஜ் வேகம் கூடுதல், தண்ணீர் தாங்கும் தரம் ஐபி68. 8ஏ ஐபி67தான், முன் கண்ணாடியும் பழைய கொரில்லா கிளாஸ் 3. ராத்திரி வெகுநேரம் இரண்டையும் கூடையில் போட்டு எடுத்துக்கொண்டிருந்தேன். கேமராதான் முக்கியம் என்பவர்கள் பிக்சல் 8 எடுங்கள், தயங்காதீர்கள். நான் 8ஏ எடுத்ததற்குக் காரணம் இரண்டு. பிக்சல் 8இன் அப்டேட் 2030 அக்டோபரில் முடிகிறது, 8ஏவுக்கு அதற்கு மேல் ஏழு மாதம். அதைவிட முக்கியமானது பேட்டரி: கூகுள் தன் உதவிப் பக்கத்தில், பிக்சல் 8 வரையிலான போன்களுக்கு 800 முறை சார்ஜ், 8ஏவிலிருந்து 1,000 முறை, அதுவரை 80 சதவீதக் கொள்ளளவு நிற்கும் என்று சொல்லியிருக்கிறது. அம்மாவுக்குப் போகப் போகிற போன் என்றால் எனக்கு இதுதான் கேமராவைவிடப் பெரிது.

20 அக்டோபர் 2024

ஆண்ட்ராய்டு 15 பிக்சல்களுக்கு 15ஆம் தேதியே வர ஆரம்பித்துவிட்டது. எனக்கும் வந்தது. ‘பிரைவேட் ஸ்பேஸ்’ என்று ஆப்களைத் தனிப் பூட்டுக்குள் வைக்கும் வசதி பிடித்திருக்கிறது, வங்கி ஆப் எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டேன். இன்னொன்று, போனைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடினால் தானாகப் பூட்டிக்கொள்ளும் வசதி. மச்சான் இன்னும் காத்திருக்கிறார், ஒன்பிளஸ் அடுத்து தருவார்கள்.

அவர் போனில் எனக்குப் பொறாமை தரும் விஷயம் ஒன்று உண்டு. மேலே அகச்சிவப்பு ரிமோட் இருக்கிறது. லாட்ஜில் ஏசி ரிமோட்டைக் காணோம் என்று வரவேற்பறைக்கு அலைய வேண்டியதில்லை, போனையே நீட்டி அணைத்துவிடுகிறார். ஒலியை அடக்க ஓரத்தில் தள்ளும் பொத்தானும் அப்படித்தான். டாக்டர் அறைக்குள் நுழையும்போது பையில் கையை விட்டுத் தள்ளினால் போதும்.

8 டிசம்பர் 2024

பச்சைக் கோடு பற்றிக் கேட்டவருக்கு. அமோலெட் திரையில் மேலிருந்து கீழே பச்சையாகக் கோடு விழுவது பல கம்பெனிப் போன்களில் வந்த பிரச்சினை. ஒன்பிளஸ் இப்போது இந்தியாவில் தன் போன்களுக்கு, பச்சைக் கோட்டுக்கு மட்டும், ஆயுள் முழுக்க வாரண்டி என்று அறிவித்திருக்கிறது. மச்சானிடம் சொல்லி, வாங்கிய ரசீதைப் பத்திரமாக மின்னஞ்சலில் வைக்கச் சொன்னேன். ஆயுள் வாரண்டி என்பது நான் எதிர்பாராத நல்ல விஷயம். ஜூன் மாதக் கணக்கில் 12ஆர் பக்கம் இதற்கு ஒரு எடை சேர்க்க வேண்டும்.

12 ஜனவரி 2025

இன்று எழுதுவது 8ஏ வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும். 2020இல் வந்த பிக்சல் 4ஏவுக்கு அப்டேட் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. அதற்கு இந்த மாதம் திடீரென்று ஒரு அப்டேட் வந்திருக்கிறது. சில போன்களின் பேட்டரிக் கொள்ளளவையும் சார்ஜ் வேகத்தையும் அது குறைத்துவிடுகிறது. பேட்டரி நிலைத்தன்மைக்காக என்கிறது கூகுள், பாதிக்கப்பட்டவர்களுக்கு இலவசப் பேட்டரி மாற்றமோ ஒரு தொகையோ தருகிறது. பாதுகாப்புக்காக என்றால் செய்யத்தான் வேண்டும். ஆனால் நான்கு வருடப் போன் ஒரே இரவில் பாதி நாள் தாங்கும் போனாக மாறுவதை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

ஜூன் மாதம் போட்ட கணக்கை இதனால் மறுபடி போட்டேன். ஏழு வருட வாக்கு மென்பொருளுக்குத்தான், பேட்டரிக்கு இல்லை. ஆயிரம் முறை சார்ஜ் என்பதை நாளுக்கு ஒரு முறை என்று வைத்தால் மூன்று வருடம்கூட முழுதாக ஆகாது. ஆக 2031க்குள் இரண்டு பேட்டரி மாற்ற வேண்டும். ஒன்றுக்கு ஐயாயிரம் என்று பேச்சுக்கு வைத்தால், பட்டியல் விலையோடு சேர்த்து 62,999. ஏழால் வகுத்தால் வருடத்துக்கு ஒன்பதாயிரம். 12ஆருக்கு நான்கு வருடத்தில் ஒரு பேட்டரி, 44,999, வருடத்துக்கு 11,250. இடைவெளி கொஞ்சம் சுருங்கியது, தலைகீழாகவில்லை. ஆனால் இந்தக் கணக்கு நிற்பது, 2027லும் 2030லும் 8ஏ பேட்டரி கம்பெனிப் பொருளாகக் கிடைக்கும் என்ற ஒரே நம்பிக்கையில்தான். நான் இப்போதே சார்ஜை இரவு முழுக்க விடுவதை நிறுத்திவிட்டேன், 80 சதவீத எல்லையையும் போட்டுவிட்டேன். மாலை வரை தாங்குகிறது, எனக்குப் போதும்.

மூன்று வருடத்துக்குமேல் ஒரு போனை வைத்திருக்கும் எண்ணமே இல்லாதவர்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. அவர்களுக்கு 12ஆர் மலிவு, அவ்வளவுதான்.

22 ஜூன் 2025

ஆண்ட்ராய்டு 16 பத்தாம் தேதியே வந்துவிட்டது, 8ஏவில் ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது. பேட்டரி நலம் காட்டும் பக்கம் இப்போது அமைப்புகளில் இருக்கிறது, 8ஏவும் அதற்குப் பிந்தியவையும் மட்டும். பிக்சல் 8 எடுத்தவர்களுக்கு அது இல்லை என்பது எனக்கே வருத்தமாக இருக்கிறது, விலை அதிகமான போன் அது.

இப்போது வாங்குகிறவர்கள் இந்தப் பழைய ஜோடியைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டு 9ஏ, 13ஆர் என்று கேட்க ஆரம்பித்திருக்கிறீர்கள். அங்கே நிலைமை மாறிவிட்டது. 13ஆர் 42,999க்கு வந்தது, பேட்டரி 6,000, ஒன்பிளஸ் இம்முறை நான்கு பதிப்பும் ஆறு வருடப் பாதுகாப்பும் தருகிறது. 9ஏ 49,999, ஏழு வருடம், 256 ஜிபி, 5,100 எம்ஏஎச், ஐபி68. நான் போன வருட ஜூனில் பிடித்துக்கொண்டு நின்ற ஏழுக்கு நான்கு என்பது இப்போது ஏழுக்கு ஆறு. ஒரு வருட வித்தியாசத்துக்காக மட்டும் பிக்சல் எடுங்கள் என்று இனிமேல் சொல்ல மாட்டேன். 9ஏவில் இன்னொன்றும் கவனியுங்கள்: 200 சார்ஜ் சுழற்சிக்குப் பிறகு பேட்டரியின் உச்ச மின்னழுத்தத்தை போனே படிப்படியாகக் குறைத்துக்கொண்டு போகும், 1,000 சுழற்சி வரை, அதை அணைக்க முடியாது. பாதுகாப்புக்கு நல்லது, ஆனால் தெரிந்து வாங்க வேண்டியது. கேமராவில் தோல் நிறம் உங்களுக்கு முக்கியம் என்றால் இன்னமும் என் ஓட்டு பிக்சலுக்குத்தான்.

காரைக்குடியிலிருந்து கேட்டவருக்கு: உங்கள் இரண்டு எண்ணும் பிஎஸ்என்எல் என்கிறீர்கள், 2025 ஜூன் நிலவரப்படி இ-சிம் அதில் நம் பக்கம் வரவில்லை. 9ஏவிலும் சாதா சிம் ஒன்றுதான் போடலாம். மற்றதெல்லாம் யோசிக்க வேண்டாம், 13ஆர் எடுங்கள்.